முடி ஒட்டிய யானைகள்

1952-ல் "காடு" என்ற படம் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் "தி ஜங்கிள்". சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம் அது. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்களோடு எம். என். நம்பியாரும் அதில் நடித்தார். ஓர் இந்தியச் சமஸ்தானத்தில் யானைகள் மிரண்டு கிராமங்களை அழிக்கின்றன. காரணம் தேடி ஒரு குழு காட்டுக்குள் போகிறது. உலகத்தை விட்டு என்றோ மறைந்துபோன கம்பளி மாமூத்துகள் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. 1963-ல் வந்த "கலை அரசி"தான் தமிழின் முதல் அறிவியல் புனைகதைப் படம் என்று பலர் எழுதிவருகிறார்கள். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே ஏற்காட்டு மலையடிவாரத்து நிறுவனம் ஒன்று இந்த வகைக்குள் கால் வைத்துவிட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸை 1935-ல் தொடங்கியவர் டி. ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். ஸ்டுடியோவுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலை. வாசலில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். முதல் படம் "சதி அகல்யா" 1937-ல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" 1938-ல் வெளிவந்ததும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-ல் வெளிவந்ததும் இதே நிறுவனத்திலிருந்துதான். திகிலுக்கும் மாயத்துக்கும் அங்கே எப்போதும் இடம் இருந்தது. 1947-ல் வந்த "ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி"யில், கேள்விக்குப் பதில் தெரியாமல் தோற்றவர்களின் தலைகளை இளவரசி வாங்கிக்கொண்டே இருப்பாள். அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று சேலத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

அமெரிக்கத் தொடர்புக்கு வழி வகுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். ஒஹாயோவில் பிறந்து, தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கியவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த "சதிலீலாவதி" (1936) டங்கனின் படம். மாடர்ன் தியேட்டர்ஸுக்காக "மந்திரி குமாரி"யிலும் "பொன்முடி"யிலும் வேலை செய்தார். இரண்டும் 1950-ல் வந்தவை. "காடு" படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது ராபர்ட் லிப்பெர்ட்டின் நிறுவனம். குறைந்த செலவில், குறைந்த நாளில் படம் எடுத்து, பெரிய படத்துக்குத் துணைப்படமாக ஓட்டுவது லிப்பெர்ட்டின் வியாபாரம். அவருடைய "ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்" (1950) படத்தில் செவ்வாய்க் கிரகக் காட்சிகளுக்கு மட்டும் செம்மை ஏற்றினார்கள். "லாஸ்ட் கான்டினென்ட்" (1951) படத்தில் டைனோசர்கள் வாழும் மலையுச்சிக்குப் பச்சை ஏற்றினார்கள். அதே வரிசையில் வந்த "தி ஜங்கிள்" பழுப்பு நிறத்தில் ஓடியது. டைனோசர் படத்தின் கதையை எழுதிய கேரல் யங்தான் மாமூத் கதையையும் எழுதினார். இரண்டிலும் ரொமேரோ நடித்தார். ஆக, ஏற்காட்டுச் சாலையிலிருந்து வந்த இந்தப் படம் ஒரு தொடர் வேலையின் அடுத்த கண்ணி.

படத்தின் பெரும்பகுதி நடைதான். காட்டுக்குள் ஆட்கள் போகிறார்கள், விலங்குகள் வருகின்றன, மறுபடி போகிறார்கள். நடுவில் ஆட்டமும் பாட்டும் உண்டு, இசையமைத்தவர்களில் ஜி. ராமநாதனும் ஒருவர். மாமூத்துகள் கடைசியில்தான் வருகின்றன, அதுவும் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். உண்மையான யானைகளுக்கு உடல் முழுக்க நீண்ட முடியைப் போர்த்தி, தந்தத்தை நீட்டிவிட்டு மாமூத் ஆக்கியிருக்கிறார்கள். யானை நடக்கும்போது முடிப் போர்வை தோலோடு சேர்ந்து அசைவதில்லை. ஒரு கணம் தாமதித்துப் பின்தொடர்கிறது. ஆனால் கால் பதியும் விதம், தும்பிக்கை காற்றை முகரும் விதம், எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் விதம் எல்லாம் நிஜம். பொம்மையிலோ மனிதன் உள்ளே புகுந்த உடையிலோ இந்த எடை வராது. இந்த முறை சேலத்தில் பிறந்ததல்ல. 1940-ல் ஹாலிவுட்டில் எடுத்த "ஒன் மில்லியன் பி.சி." படத்திலும் யானைகளுக்கு இப்படித்தான் முடி ஒட்டினார்கள். என்றாலும் அங்கே யானை சர்க்கஸ் விலங்கு. இங்கே அது பாகனோடு வளர்ந்து, தெருவில் தேங்காய் வாங்கித் தின்றுவிட்டுப் போகும் விலங்கு. அந்தப் பழக்கம் திரையில் தெரிகிறது: முடிக்குள் இருக்கும் யானை அவ்வளவு பொறுமையாக நிற்கிறது.

விஞ்ஞானக் கணக்கில் கதை தேறாது. கம்பளி மாமூத் வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் புல்வெளிகளின் விலங்கு. அதன் கடைசிக் கூட்டம் சைபீரியாவுக்கு வடக்கே ராங்கெல் தீவில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோனது. தென்னிந்தியக் காட்டுக்கு அது வந்ததே இல்லை. இந்தியாவுக்கென்று பழைய யானைகள் தனியாக உண்டு. சிவாலிக் மலையில் ஸ்டெகோடான் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்த பழைய யானை, கம்பளி மாமூத்தைவிடப் பெரியது. கதாசிரியர் அதை எடுத்துக்கொண்டிருந்தால் முடி ஒட்டும் வேலையே மிச்சமாகியிருக்கும். இதைச் சொல்ல ஏற்காட்டுக்குத் தனி உரிமை உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தவர். கர்நூல் அருகே பில்லா சுர்கம் குகைகளில் புதைந்து கிடந்த விலங்கு எலும்புகளைத் தோண்டி ஆராய்ந்தவரும் அவரே. அழிந்துபோன விலங்குகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் மலையில் வாழ்ந்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மலையடிவாரத்தில் மாமூத் படம். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தும் சேர்வராயன் மலையின் கதையை எழுதுபவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

எண்பதுகளில் ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் பழைய பேய்ப் படங்களையும் விஞ்ஞானப் படங்களையும் பார்த்தது பெரும்பாலும் வீடியோ டெக்கில். விசேஷ வீட்டிலோ, முழு ஆண்டு விடுமுறையிலோ, கலர் டிவியும் டெக்கும் ஓர் இரவு வாடகைக்கு வரும். சேலத்திலிருந்து வருவதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வர வேண்டும். பஸ்ஸில் டெக்கைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். வாடகை ஓர் இரவுக்குத்தான் என்பதால் விடிய விடிய ஓடும். முதல் படம் பெரியவர்களுக்காகப் பக்திப் படமோ சிவாஜி படமோ. நள்ளிரவுக்கு மேல் பிள்ளைகள் கேட்ட படம். 1933-ன் "கிங்காங்", கிறிஸ்டோபர் லீ நடித்த 1958-ன் "டிராகுலா", "ஈவில் டெட்" என்று கேசட் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்தனுப்புவார். படத்தில் கோடு விழுந்தால் மேல்மூடியைத் திறந்து, புது ரூபாய் நோட்டை ஹெட்டின் மேல் வைத்து மெல்லத் தேய்ப்பார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் படம் பாதியில் நிற்கும். வெளியே ஜன்னல் கண்ணாடி வரை மூடுபனி. டிராகுலா சவப்பெட்டியிலிருந்து எழுந்தாரா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரங்கள், பார்த்த காட்சிகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று அந்தத் தலைமுறை ஒருமித்துச் சொல்லும்.

காப்பித் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் பிள்ளைகள் இந்தப் படங்களுக்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதிவந்தார்கள். ஆனந்த விகடன் விமரிசனக் குழுவைப் பார்த்து வந்த ஆசை அது. 1977-ல் "16 வயதினிலே" படத்துக்கு விகடன் 62.5 கொடுத்தது அப்போது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. ஐம்பதைத் தொட்டாலே நல்ல படம் என்று பேசிக்கொள்வார்கள். பிள்ளைகளின் நோட்டில் நான்கு தலைப்புகள்: பயம், வேஷம், சத்தம், கதை. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. மார்க் போடும்போது நடக்கும் சண்டையில்தான் படம் இரண்டாவது முறை ஓடும்.

வேஷத்துக்கு மார்க் போடுவது எப்படி என்பதை அவர்களுக்குக் கற்றுத் தந்த படம் கிங்காங். வில்லிஸ் ஓ'பிரையன் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மைகளை வைத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் கை காலைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார். ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். பொம்மையின் மேல் முயல் தோல். ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் பட்டு முடி கலைந்துவிடும். ஓட்டிப் பார்த்தால், காற்றே இல்லாத இடத்தில் காங்கின் முடி சிலிர்த்துச் சிலிர்த்து அசையும்.

"டேய், முடி தானா ஆடுதுடா, பாரு!"

கண்டுபிடித்தவன் குரலில் வெற்றி. அவன் வேஷத்துக்குப் பத்துக்கு மேல் கிடையாது என்றான். மூத்தவள் ஒப்புக்கொள்ளவில்லை. கோபத்தில் சிலிர்க்கிற மாதிரிதானே இருக்கிறது என்றாள். அவள் சொன்னதே சரி. பழைய படத்தில் செய்தவரின் கைத்தடம் தெரிவது குறையல்ல. அந்தத் தடம் படத்துக்கு உதவுகிறதா, அதைக் கெடுக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காங்கின் முடிக்கு இருபத்திரண்டு கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து "காடு" படத்தின் முடியைப் பார்த்தபோது எடுக்க வேண்டிய அளவுகோல் இப்படித்தான் அன்றைக்கே கைக்கு வந்தது. வெளிநாடுகளில் பழைய மலிவுப் படங்களைக் கேலிக்காகவே பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஜிப் தெரிந்தால் சிரிப்பு, கம்பி தெரிந்தால் சிரிப்பு. அப்படிப் பார்ப்பவருக்குப் படத்தைச் செய்தவர் கண்ணில் படுவதே இல்லை.

சத்தம் என்ற தலைப்பில் அந்த நோட்டு மிகக் கண்டிப்பானது, அதில் நியாயமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பேயைக் காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும். காட்டாமல் வைத்திருக்கக் காதுதான் வழி. தமிழில் இதை நன்றாக அறிந்தவர் எஸ். பாலசந்தர். வீணை வித்வான், கூடவே இயக்குநர். "அந்த நாள்" (1954) படத்தில் பாட்டே வைக்கவில்லை. "பொம்மை"யில் (1964) வெடிகுண்டை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டுப் பொம்மை ஊரெல்லாம் கை மாறும். "நடு இரவில்" எடுத்து முடித்தும் வெகுநாள் பெட்டியில் கிடந்து, 1970-ல்தான் வெளிவந்தது. தனித் தீவில் ஒரு மாளிகை, ஒன்றுகூடிய உறவினர்கள், ஒவ்வொருவராகச் சாவு. அகதா கிறிஸ்டியின் பாதிப்பு தெரியும். ஆனால் மாளிகைக்குள் எங்கிருந்து சத்தம் வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை ஒரு சங்கீதக்காரர் தீர்மானித்திருக்கிறார் என்பதும் தெரியும். ஸ்ரீதரின் "நெஞ்சம் மறப்பதில்லை" (1963) அந்த நோட்டில் சத்தத்துக்கு முழு இருபத்தைந்தும் வாங்கிய ஒரே தமிழ்ப் படம். பூட்டிக் கிடக்கும் பாழடைந்த மாளிகை, முற்பிறவி நினைவு, ஒரு ராகத்தின் முனகல். ஏற்காட்டின் பழைய பங்களாக்களைத் தாண்டிப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகளுக்கு மறுநாள் காலையிலும் அது காதில் கேட்டது.

அந்தப் படத்தில் நூறு வயதைக் கடந்த ஜமீன்தாராக வருபவர் நம்பியார். அவர் திரையில் வந்ததும் சின்னவன் போர்வைக்குள் போய்விட்டான். பாட்டி அவன் முதுகைத் தட்டி, "பயப்படாத கண்ணு, அது நம்பியார்தான். நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் ஆளு" என்றார்.

பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "திகம்பர சாமியார்" படத்தில் நம்பியார் ஒரே ஆளாகப் பல வேடங்களில் மாறி மாறி வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து "காடு". பிறகு 1963-ல் ஒரே ஆண்டில் ஸ்ரீதர் படத்தின் கிழட்டு ஜமீன்தார், கூடவே ஏ. காசிலிங்கம் இயக்கிய "கலை அரசி"யில் வேற்றுக் கிரகவாசி. அவருடைய கிரகத்தில் எல்லாம் உண்டு, கலை மட்டும் இல்லை. அதற்காகப் பூமிக்கு வந்து, நன்றாகப் பாடும் பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார். மீட்க எம்.ஜி.ஆர். போகிறார். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அமெரிக்க விண்வெளிப் படங்களில் வேற்றுக் கிரகத்தார் பூமியை அழிக்கவோ பிடிக்கவோ வருவார்கள். பாட்டுக்காக வந்த படம் தமிழில்தான் சாத்தியம். கதை என்ற தலைப்பில் அந்த நோட்டு "கலை அரசி"க்கு இருபது கொடுத்திருக்கிறது, இருபத்துமூன்று கொடுத்திருக்கலாம். தமிழ்த் திரையின் திகில், விஞ்ஞானம் இரண்டுக்கும் பொதுவான முகம் என்று ஒருவரைத் தேடினால் நம்பியார்தான் கிடைப்பார். எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கும் வில்லன் என்ற நினைவில் அவருடைய இந்தப் பக்கம் மறைந்தே போய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் இந்த வகை மறுபடி தலையெடுத்தது. பேபி இயக்கிய "மை டியர் லிசா" (1987), "13-ம் நம்பர் வீடு" (1990) ஆகியவை பேயை வீட்டுக்குள் கொண்டுவந்தன. வேலு பிரபாகரன் இயக்கிய "நாளைய மனிதன்" (1989), இறந்தவனை எழுப்பும் மருந்தைப் பற்றியது. எழுந்து வருபவனாக நடித்தவர் அஜய் ரத்னம். அவருடைய உயரமே பாதி வேஷம். 1931-ன் "ஃபிராங்கன்ஸ்டைன்" படத்தில் போரிஸ் கார்லாஃப் எழுந்து வந்ததன் தொலைவான வாரிசு அது. அடுத்த ஆண்டே "அதிசய மனிதன்" வந்தது. பேய்ப் படம் என்றால் சென்சாரில் "ஏ" முத்திரை விழும் என்பது வழக்கமாகிப்போனதால், தியேட்டருக்குள் விடாத பிள்ளைகள் டெக்கில் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். கேபிள் வந்தபின் டெக் வாடகை நின்றது. நோட்டில் எழுதுவதும் நின்றது.

டி. ஆர். சுந்தரம் 1963-ல் காலமானார். "கலை அரசி" வந்த அதே ஆண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோ எண்பதுகளில் ஓய்ந்தது. ஏற்காடு சாலையில் இன்று அதன் வளைவு மட்டும் நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

"காடு" அந்த நோட்டில் இல்லை. டெக் காலத்தில் அதன் கேசட் கண்ணில் பட்டதே இல்லை. ஆங்கிலப் பதிப்பைக் கணினியில் பார்க்க முடிந்தபோது பிள்ளைகளுக்கு நடுவயது ஆகியிருந்தது. 73 நிமிடப் படம். பார்த்து முடித்ததும் பழையபடி நான்கு தலைப்புகளில் மார்க் போட்டார்கள். பயத்துக்கு எட்டு: மாமூத்தை அவ்வளவு நேரம் ஒளித்துவைத்துவிட்டு இவ்வளவு சீக்கிரம் முடித்ததற்காகக் குறைத்தார்கள். சத்தத்துக்குப் பதினைந்து. கதைக்குப் பத்து, அதிலும் எலும்பு விஷயம் தெரிந்த மூத்தவள் ஏழு போதும் என்று வாதாடினாள். வேஷத்துக்குத்தான் நெடுநேரம் பிடித்தது. போர்வை நழுவுவது தெரிகிறது என்றான் ஒருவன். நழுவினாலும் உள்ளே இருப்பது உயிருள்ள யானை, அது நடக்கிற நடையை எந்தப் பொம்மையும் நடக்காது என்றாள் மூத்தவள். பதினெட்டில் சமாதானம் ஆனார்கள். நம்ம ஊர்ப் படம் என்பதற்காக ஐந்து மார்க் கூட்டலாமா என்று சின்னவன் கேட்டதை இருவருமே ஒப்பவில்லை. மொத்தம் ஐம்பத்தொன்று.